ஏழாம் எண் வரைபடமும் சோகபிசி பள்ளிக்கூடமும்

இடம்: பெயோகோ காவல் நிலையம், கானா வடகிழக்கு.
நாள்: 2019 ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, காலை 9.40 மணி.
பதிவு செய்தவர்: இன்ஸ்பெக்டர் எகுவா அமிஸ்ஸா.
வாக்குமூலம் கொடுப்பவர்: அயின்பிலா அகுருகு, வயது 47, காலஞ்சென்ற அகுருகு அடூகோவின் மகன், மாவட்டப் பொதுப்பணி அலுவலக வரைவாளர்.
முகவரி: பழைய ஆட்டுச்சந்தைக்குப் பின்புறம், பெயோகோ.

நான் மேற்கண்ட முகவரியில் என் மனைவி தம்போகா, மூத்தவள் லாரிபா உட்பட மகள்கள் இருவருடன் வசித்து வருகிறேன். என் மனைவி இங்கிருந்து ஒன்பது மைல் தள்ளியுள்ள சோகபிசி கிராமத்து ஆரம்பப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. என்னை யாரும் அழைக்கவில்லை, மிரட்டவில்லை. நானாகவே இன்று காலை நிலையத்துக்கு வந்தேன். வாசலில் நின்ற காவலர் என்ன தொலைந்துபோனது என்று கேட்டார். எதுவும் தொலையவில்லை, ஒரு குற்றத்தைச் சொல்ல வந்திருக்கிறேன் என்று சொன்னதும் உள்ளே அனுப்பினார்.

மாவட்டப் பொறியாளர் திரு. ஸியெம் தாகுரா அவர்களைப் பதினாறு வருடமாக எனக்குத் தெரியும். அவர் மேற்கே தகாபா இனத்தவர், நான் ஃப்ராஃப்ரா. எங்கள் இரண்டு இனத்தாருக்கும் பல தலைமுறையாகக் கேலி உறவு உண்டு. அவர் என்னை அடிமை என்பார், நான் அவரை அடிமை என்பேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பதிவு செய்யும் இன்ஸ்பெக்டர் கடற்கரைப் பக்கத்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். ஏனென்றால் அலுவலகத்தில் விசாரித்தால், நாங்கள் இருவரும் தினமும் வசைபாடிக்கொள்வோம், ஆகவே பகை இருந்தது என்று யாராவது சொல்லக்கூடும். பகை இல்லை. என் அப்பாவை அடக்கம் செய்த நாளில் அவர் வந்து, எங்கள் வழக்கப்படி, "என் அடிமை செத்துட்டான், இனிமே என் நிலத்தை எவன் உழுவான்?" என்று வாசலில் நின்று கத்தினார். அழுதுகொண்டிருந்த என் அம்மாவே சிரித்துவிட்டாள். அதன் பின்பு குழிக்கு மண் தள்ளியவர்களில் அவரும் ஒருவர்.

சோகபிசியில் முன்பு இருந்தது மூன்று வகுப்பறை கொண்ட சிமெண்ட் கல் கட்டிடம். அது எங்கள் அலுவலகத்தின் ஏழாம் எண் மாதிரி வரைபடத்தின்படி கட்டியது. நீளமான சுவர்கள் கிழக்கையும் மேற்கையும் பார்த்திருக்கும். தலைக்கு மேலே வெறும் தகரம். காலையில் ஒரு பக்கச் சுவர் கொதிக்கும், மதியம் மறு பக்கச் சுவர் கொதிக்கும். மழை பெய்தால் தகரத்தின் சத்தத்தில் ஆசிரியை சொல்வது முதல் வரிசைக்கே கேட்காது. அந்த வரைபடத்தின் நகலை என் கையால் குறைந்தது இருபது தடவை எடுத்திருக்கிறேன். அதில் எது தப்பு என்று ஒரு தடவையும் நான் யோசித்ததில்லை.

2018 மார்ச் 13ஆம் தேதி பகல் பன்னிரண்டு மணியளவில், அசம்பானா என்ற ஆறு வயதுப் பெண்குழந்தை கூட்டல் கணக்கைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். என் மனைவி அவளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடி, கம்புமாவு கரைத்த தண்ணீரைப் புகட்டி, தன் தலைத்துணியை நனைத்து விசிறினாள். சிறிது நேரம் கழித்து குழந்தை கண் விழித்து, "டீச்சர், பதினொண்ணு" என்றது. அதுதான் கணக்கின் விடை. என் மனைவி வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி முடித்த பின்பு என்னிடம் கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"லாரிபா அப்பா, அந்த ரூமை வரைஞ்சது உங்க ஆபீஸ்தானே?"

"ஆமா."

"வரைஞ்சவங்க யாராவது ஒரு நாள் அதுக்குள்ள உக்காந்து பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்தாள். கேட்டுச் சண்டை போட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போல் இருந்தது.

அதன் பின்பு 15ஆம் தேதி நான் விடுப்பு எடுத்துக்கொண்டு, அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என் மனைவியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து சோகபிசி போனேன். காலை எட்டு மணி முதல் பகல் ஒன்றரை வரை ஒன்றாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சில், மேற்படி அசம்பானாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால் என் தாடையை இடித்தது. அவள் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க ஃபெயிலா?"

"ஆமா."

"எத்தனை தடவை?"

"இருபது தடவை இருக்கும்."

அவள் தன் சிலேட்டை என் பக்கம் நகர்த்தி, பார்த்து எழுதிக்கொள்ளச் சொன்னாள். பன்னிரண்டரை மணிக்கு வெப்பமானி நாற்பத்துமூன்று காட்டியது. வெளியே நிழலில் நாற்பதுதான். அச்சமயம் கால் மரத்துப்போனதால் எழுந்து நின்றேன். நின்றதும் முகத்தில் காற்று பட்டது. உட்கார்ந்தேன், காற்று இல்லை. மறுபடி நின்றேன், காற்று இருந்தது. வகுப்பு முழுதும் என்னைப் பார்த்துச் சிரித்தது, என் மனைவி, "சார், ஒழுங்கா உக்காருங்க" என்று அதட்டினாள். நான் டேப்பை எடுத்து அளந்தேன். ஜன்னலின் அடிக்கட்டை தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருந்தது. உட்கார்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் தலை மூன்றடிக்கும் கீழே. அந்த அறையில் காற்று வரவே செய்தது. அது நிற்கிற ஆசிரியைக்கு மட்டும் வந்தது. அறுபத்துமூன்று குழந்தைகளின் தலைக்கு மேலாகப் போய் எதிர்ச் சுவரின் ஜன்னல் வழியாக வெளியே போய்விட்டது. வரைந்தவர்கள் எல்லாரும் நின்றுகொண்டே வரைந்திருக்கிறோம் என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அந்த வருடம் சோகபிசிக்கு இன்னும் மூன்று வகுப்பறைகள் கட்ட அனுமதி வந்திருந்தது. அதற்கும் ஏழாம் எண் வரைபடம்தான் என்று உத்தரவு. நான் வீட்டில் சாப்பாட்டு மேசையில் வைத்துப் புதிதாக ஒரு வரைபடம் போட்டேன். நீளச் சுவர்களை வடக்கும் தெற்கும் பார்க்கத் திருப்பினேன். சிமெண்ட் கல்லுக்குப் பதிலாக ஒன்றரை அடித் தடிமனில், வெயிலில் காயவைத்த செம்மண் கல் சுவர். தரையிலிருந்து ஒன்றரை அடியிலேயே ஜன்னல்கள், எதிர்ச் சுவரில் உச்சியில் சூடான காற்று வெளியேற வரிசையாகத் துவாரங்கள். தலைக்கு மேலே எங்கள் பக்கத்துப் புல்பாய் பரப்பி ஒரு மச்சு, அதற்கு மூன்றடி மேலே, நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டுத் தகரக் கூரை. வெயில் தகரத்தோடு நின்றுவிடும், மழைச் சத்தத்தைப் பாய் வாங்கிக்கொள்ளும் என்பது என் கணக்கு. சுவர்களைச் சுற்றி, மழை படாமல் கூரை வெளியே நீளும் மூன்றடி இறவாரம். என் மனைவி ஒவ்வொரு அளவையும் கேட்டாள். தாழ்ந்த ஜன்னலைப் பார்த்ததும், "ஆடு உள்ள வந்து அட்மிஷன் கேக்கும்" என்றாள். ஆகவே கம்பி போட்டேன்.

அதன் பின்பு ஏப்ரல் 9ஆம் தேதி திங்கட்கிழமை அந்த வரைபடத்தைத் திரு. தாகுராவின் மேசையில் விரித்து, எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு, அடிமை. யாருகிட்டத் திருடின?"

"ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சேன், அடிமை."

"மாதிரி வரைபடத்துல ஒரு கோட்டை மாத்தணும்னாலும் தலைநகர்லேர்ந்து ஒப்புதல் வரணும். மூணு வருஷம் ஆகும். அதுக்குள்ள வந்த அனுமதி காலாவதியாகும். அப்புறம் இதுவும் கிடையாது, அதுவும் கிடையாது. சுருட்டி வை."

"இன்னும் மூணு வருஷத்துக்கு எத்தனை பிள்ளைங்க மயக்கம் போட்டு விழும்?"

"என்னால முடியாது, அயின்பிலா" என்றார். பதினாறு வருடத்தில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். நான் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் குற்றம் இதற்குப் பின்பு நடந்தது. மே 4ஆம் தேதி வெள்ளிக்கிழமை, என் வரைபடத்தை ட்ரேசிங் தாளில் சுத்தமாக எடுத்து, கீழே தலைப்புக் கட்டத்தில் "மாதிரி வரைபடம் எண் 7" என்று எழுதினேன். அந்தக் கட்டத்து எழுத்து என்னுடையது. அன்று கையெழுத்துக்குப் போக வேண்டிய பாலம், கிணறு, மருத்துவமனைச் சுற்றுச்சுவர் ஆகிய ஒன்பது தாள்களுக்கு நடுவே அதைச் செருகி, திரு. தாகுராவின் மேசையில் வைத்தேன். அவர் வா என்ற தன் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருப்பார், பார்க்காமல் போடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தேன். "வச்சிட்டுப் போ, போடறேன்" என்றார். மாலையில் எல்லாத் தாளிலும் கையெழுத்து இருந்தது. ஓரத்தில் அதை மட்டும் பார்த்துவிட்டு, தாளை விரிக்காமல் கொடுத்துவிட்டேன். நகல் எடுத்து வேலைத்தளத்துக்கு அனுப்பியது அலுவலக எழுத்தர். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அதன் பின்பு நவம்பரில் மழைக்காலம் முடிந்ததும் வேலை ஆரம்பித்தது. கொத்தனார்களும் சோகபிசி மக்களும் தாளில் இருந்தபடி கட்டினார்கள், அது செல்லாத தாள் என்று அவர்களுக்குத் தெரியாது. சுவர் பூசிய பெண்கள் நாற்பது பேர். அவர்களுக்குத் தலைவியாக இருந்தவர் அத்தியா என்ற அம்மாள். நான் மேற்பார்வைக்குப் போன முதல் நாளே, பூச்சுக் கலவையில் மாட்டுச்சாணம் போதாது என்று நான் சொன்னதற்கு, "வரையறதோட நிறுத்திக்கய்யா, உன் பொண்டாட்டிக்குத்தான் பயப்படறோம், உனக்கில்ல" என்றார். நாற்பது பேரும் சிரித்தார்கள். அதற்குப் பின்பு நான் பூச்சு வேலை பற்றிப் பேசவில்லை. இவர்களில் யாரையும் விசாரணைக்கு அலைக்கழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2019 பிப்ரவரி 18ஆம் தேதி ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகள் புதிய கட்டிடத்துக்கு மாறின. மார்ச் மாதம் முழுவதும் என் மனைவி தினமும் பகல் பன்னிரண்டரைக்கு வெப்பமானியைப் பார்த்து, வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். வெளியே நாற்பது இருந்த நாட்களில் உள்ளே முப்பத்துநாலைத் தாண்டவில்லை. ஒரு குழந்தையும் மயங்கி விழவில்லை. இதை நான் சந்தோஷமாகத்தான் சொல்கிறேன், ஆனாலும் அந்தப் பதினொரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் பொய். திரு. தாகுரா வராந்தாவில் என்னைப் பார்த்து, "என்ன அடிமை, வேலை நடக்குதா?" என்று கேட்கும்போதெல்லாம் பதிலுக்கு அவரை வைய எனக்கு வாய் வரவில்லை. என்னை நம்புகிற ஆளின் கையெழுத்தைத் திருடியிருக்கிறேன் என்று தோன்றும். உடம்பு சரியில்லையா என்று அவர் இரண்டு தடவை கேட்டார்.

அதன் பின்பு இந்த ஏப்ரல் 9ஆம் தேதி, கட்டிடம் வரைபடத்தின்படி இருக்கிறதா என்று சரிபார்க்க மேலிடத்திலிருந்து மூன்று பேர் கொண்ட குழு சோகபிசிக்கு வந்தது. நானும் உடன் போயிருந்தேன். அவர்கள் தங்களிடம் இருந்த உண்மையான ஏழாம் எண் வரைபடத்தை வைத்துக்கொண்டு அளந்தார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. சுவர் வேறு, ஜன்னல் வேறு, கூரை வேறு, திசையே வேறு. பகல் ஒரு மணியளவில் மூவரில் மூத்தவர் குறிப்பு எழுதுவதற்காக ஒன்றாம் வகுப்பின் பின்புறம் உட்கார்ந்தார். எழுதிக்கொண்டே இருந்தவர் சட்டென்று மேலே பார்த்து, "டீச்சர், ஃபேன் எங்க சுத்துது?" என்று கேட்டார். சோகபிசிக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை என்று என் மனைவி சொன்னாள். அவர் தாழ்ந்த ஜன்னலைப் பார்த்துவிட்டு, மறுபடி எழுத ஆரம்பித்தார். எழுதியதை மாற்றவில்லை.

ஈஸ்டர் விடுமுறை முடிந்த மறுநாள், 23ஆம் தேதி செவ்வாய்க்கிழமை, அலுவலகத்துக்குக் கடிதம் வந்தது. போலி வரைபடத்தில் கையெழுத்திட்டதற்காகத் திரு. தாகுரா தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார், விசாரணை முடியும் வரை கட்டிடத்தைப் பூட்டிவைக்க வேண்டும், காவல்துறையிடம் புகார் கொடுக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. திரு. தாகுரா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அலுவலகச் சாவியை எழுத்தரிடம் கொடுத்தார். மேசையிலிருந்து தன் கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

நான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் முழுவதையும் சொன்னேன். தலைப்புக் கட்டத்தில் நான் எழுதியது அவளுக்கு அதுவரை தெரியாது. "அந்த மனுஷன் உங்க அப்பாவுக்கு மண்ணு தள்ளினவரு" என்றாள். இரண்டு நாள் தைரியம் வராமல் கழித்தேன். இன்று காலை அவளே என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டு எடுத்து வைத்து, "உள்ளதைச் சொல்லிட்டு வாங்க. சாயங்காலம் வரலைன்னா நான் சாப்பாடு எடுத்துட்டு வர்றேன்" என்றாள். அதன் பின்பு நான் புறப்பட்டு இங்கு வந்தேன்.

இதுவரை சொல்லி முடித்தபோது இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தி, "நேத்து சாயங்காலம் இன்னொருத்தர் இதே நாற்காலியில உக்காந்து, இதே குத்தத்தைத் தானே செஞ்சதா எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கார்" என்றார். அது திரு. தாகுரா. அந்த வரைபடத்தைப் போடச் சொன்னது தான்தான் என்றும், எண் ஏழு என்று எழுதச் சொன்னதும் தான்தான் என்றும், வரைவாளர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர் மட்டுமே என்றும் அவர் சொல்லியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் அதை எனக்குப் படித்துக் காட்டினார். அது உண்மையல்ல. அவர் எனக்கு எந்த உத்தரவும் போடவில்லை. என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறார், அவர் கையெழுத்துப் போட்டபோது தாளைப் பார்க்கவே இல்லை என்று நான் சொன்னேன்.

அதன் பின்பு இன்ஸ்பெக்டர் புகாரோடு வந்திருந்த மூலத் தாளை எடுத்து என் முன்னால் விரித்து, "பாக்காம போட்டார்னா, இது யார் எழுத்து?" என்று கேட்டார். கையெழுத்துப் போட்ட நாளுக்குப் பின்பு அந்தத் தாளை நான் இன்றுதான் பார்க்கிறேன். கிழக்குச் சுவரின் இறவாரம் மூன்றடி என்று நான் மையில் எழுதியிருந்தேன். அதைப் பென்சிலால் அடித்துவிட்டு ஐந்தடி என்று எழுதியிருந்தது. பக்கத்தில் சின்ன எழுத்தில், "புயல்மழை இந்தப் பக்கமிருந்துதான் வரும், மண்சுவர் கரைந்துவிடும்" என்று இருந்தது. அது திரு. தாகுராவின் எழுத்து. அவர் போடும் ஐந்துக்கு எப்போதும் தலை பெரிதாக இருக்கும்.

கட்டிடத்தின் கிழக்கு இறவாரம் ஐந்தடிதான் இருக்கிறது. கட்டும்போது நான் கொத்தனாரைக் கேட்டதற்கு, "பேப்பர்ல அப்படித்தான் இருக்கு" என்றார். அவர் மூன்றை ஐந்தாகப் படித்துவிட்டார், நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்து, தாளைப் பார்க்காமலே விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது என்று இன்றுதான் தெரிகிறது. மூன்றடி விட்டிருந்தால் வரும் ஜூன் மழையில் அந்தச் சுவர் நின்றிருக்காது.

இந்த இடத்தில் நான் தண்ணீர் கேட்டேன். இன்ஸ்பெக்டர் கொடுத்தார். குடித்துவிட்டு அந்தத் தாளை மறுபடி படித்தேன்.

ஆகவே நான் முன்னால் சொன்னதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். அவர் பார்க்காமல் போட்டார் என்றது தவறு. அவர் அந்தத் தாளை ஒவ்வொரு அளவாகப் படித்து, என் தப்பைச் சரிசெய்து, அதன் பின்பே கையெழுத்துப் போட்டிருக்கிறார். பஸ்ஸைத் தவறவிட்டிருக்க வேண்டும். பதினொரு மாதம் என்னிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நான் அவரை ஏமாற்றப் பார்த்தது உண்மை, ஏமாற்றவில்லை என்பதும் உண்மை. இதனால் அவருக்குக் கெடுதல் வரும் என்று தெரிந்தும், கேட்கப்பட்ட கேள்விக்கு என்னால் பொய் சொல்ல முடியவில்லை. தாள் அங்கே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தைப் பூட்ட வேண்டும் என்ற கடிதம் பற்றி நான் கேட்டபோது, "பூட்டச் சொல்ல எனக்குக் கோர்ட் உத்தரவு வேணும். அது வர்ற வரைக்கும் சாவி ஹெட்மாஸ்டர் கிட்டயே இருக்கும். மே மாசம் ஸ்கூல் திறந்தா பிள்ளைங்க அங்கேயே உக்காரட்டும்" என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். அதையும் இதில் எழுதும்படி கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்டது.

கடைசியாக இன்ஸ்பெக்டர், இரண்டு பேரும் தானே செய்ததாகச் சொல்வதால் வழக்கில் யாரை முதல் எதிரியாகக் காட்டுவது என்று கேட்டார். திரு. தாகுரா நேற்று தன் பெயரைத்தான் முதலில் போடச் சொன்னாராம். பதவியில் அவர் எனக்கு மூத்தவர், வயதிலும் மூத்தவர். மற்ற எல்லா இடத்திலும் அவர் பெயர்தான் முன்னால் வர வேண்டும், நானும் அப்படித்தான் இதுவரை எழுதி வந்திருக்கிறேன். இதில் மட்டும் என் பெயரை முதலிலும் அவர் பெயரை இரண்டாவதாகவும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்டது நான். அவர் அதற்குப் பின்புதான் வந்தார், வந்து பக்கத்தில் நின்றார்.

நான் சொல்லச் சொல்ல எழுதிய இதை என் தாய்மொழியில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது விட்டுப்போகவில்லை, சொல்லாதது சேரவில்லை. இதில் உள்ளது அனைத்தும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை என்று உறுதி சொல்லி, சுயநினைவோடு கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அயின்பிலா அகுருகு
என் முன்னிலையில்: (ஒப்பம்) எகுவா அமிஸ்ஸா, இன்ஸ்பெக்டர்